இளமைக் கல்வியும் படைப்பு மொழியும்: ஏ. கே. இராமானுஜனை முன்வைத்து

பெங்களூருவின் பிரேசர் டவுன், மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான கண்டோன்மென்ட் குடியிருப்பாகும். இன்று புலிகேசி நகர் என வழங்கும் அப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வீட்டில் தமிழ், ஏட்டில் கன்னடமும் ஆங்கிலமும் என்பதே அங்குள்ள பிள்ளைகள் பலரின் நிலை. இதனால் கேடில்லை என வாதிடுவோர்க்கு எளிதில் கிடைக்கும் சான்று ஏ. கே. இராமானுஜன் (1929–1993). அச்சான்று எத்துணை வலிமை உடையது என்பது ஆராயத்தக்கது.

மைசூரில் வளர்ந்த இராமானுஜனுக்கும் தமிழ் அடுக்களை மொழியே. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடியபோதுதான் குறுந்தொகை அவர் கைக்கு வந்தது. 1967இல் அவர்தம் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. தமிழில் பெயருக்கு முன் அடுக்கி வரும் அடைகள் ஆங்கிலத்தில் பின்சென்று விரிவதை அவர் கண்ணாடிப் பிம்பத்துக்கு ஒப்பிட்டார். அவ்வமைப்பைத் தாளில் வரிகளை உள்தள்ளி நிறுத்திக் காட்டினார். மொழியியலும் நவீன ஆங்கிலக் கவிதையும் பயிற்றிய கண் அது. ஆயின் அகவலோசை அங்கே இல்லை. தம் சொந்தக் கவிதைகளை அவர் ஆங்கிலத்திலும் கன்னடத்திலுமே நூலாக்கினார்; தமிழில் ஒரு தொகுதியும் இல்லை. தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் பு. தி. நரசிம்மாச்சாரும் கன்னட இலக்கியத்தின் பெருமைகளாயினர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. படைப்பாற்றல் குன்றவில்லை, அது கல்வி மொழியின் வழியே சென்றது.

மரபுக் கல்வியில் எல்லாம் இருந்தது எனவும் கூறவியலாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர், 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் வினவும்வரை சீவக சிந்தாமணியைப் படித்தவரல்லர். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் தலபுராணமும் பயின்றதைப் பட்டியலிட்டும் முதலியார் வியக்கவில்லை. எனினும் அந்நூல்களே அவர்தம் செவியைப் பண்படுத்தியிருந்தன. செல்லரித்த ஏட்டில் சீர் சிதைந்த இடத்தையும் தளை தட்டுமிடத்தையும் உணர்த்தியது அச்செவியே. இளமையில் கற்ற நூல் எது என்பதைவிட, அக்கல்வி எத்திறனை விட்டுச் சென்றது என்பதே முதன்மையானது.

இராமானுஜன் சிகாகோவில் கண்டெடுத்தது உ. வே. சா. 1937இல் உரையுடன் பதிப்பித்த குறுந்தொகை. பள்ளித் தமிழின்றியும் சங்கத்தை அடையலாம் என்பதற்கு அவரைச் சான்று காட்டுவோர் இதனைக் கருதுவதில்லை. உரை மனனத்தின் சுமை இல்லாமையே அவருக்குப் புதுநோக்கைத் தந்தது என்பது ஏற்கத்தக்கதே. தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்கு அது ஒரு கண்டனமுமாகும். பிரேசர் டவுன் பிள்ளைக்கு அது பொருந்தாது. குறுந்தொகையை அப்பிள்ளை முப்பது வயதிலும் படிக்கலாம், ஆங்கிலத்திலும் படிக்கலாம். எட்டு வயதில் ஆத்திசூடியையும் நாலு வெண்பாவையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகாத செவிக்கு, அந்த ஓசையைப் பின்னாளில் எந்த நூலகம் தரும் என்பதே எஞ்சும் வினா.