ஈப்போ என்று எழுதிய குவளை

தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணன் மகள் எனக்கொரு குவளை கொடுத்தாள். ஏதோ இணையக் கடையில் வாங்கியதாம். 'ஈப்போ' என்று பெரிய எழுத்து, கீழே வெள்ளைக் கட்டடம். "சித்தப்பா, உங்க ஊரு" என்றாள். பெயர் எங்கள் ஊருடையது. கட்டடமோ கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம்.

குழம்புவதற்கு இடம் இருக்கிறது. இரண்டையும் வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். கோலாலம்பூர் நிலையம் 1910இல் திறக்கப்பட்டது, ஈப்போ நிலையம் 1917இல் முடிந்தது. ஆனால் ஈப்போவில் நடுவே பெரிய குவிமாடம். கோலாலம்பூரில் வரிசையாக மெல்லிய கோபுரங்கள். ஒரு தடவை ஈப்போவில் இறங்கியவருக்குக்கூட மாறிப்போகாது.

இந்த வியாபாரத்தில் யாரும் இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை. பழைய நினைவுப்பொருள் கடைக்காரர் ஐந்நூறு குவளை அச்சடித்து அடுக்க வேண்டும். படம் தப்பானால் ஊர்க்காரன் சிரிப்பான், சரக்கும் தேங்கும். இணையக் கடையில் ஆர்டர் வந்த பிறகுதான் அச்சு. ஒரே வடிவத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஆயிரம் ஊருக்குப் போட்டு வைக்கலாம். விற்காவிட்டால் நட்டம் கிடையாது. நட்டமில்லாத இடத்தில் சரிபார்க்கவும் ஆளில்லை.

இந்தத் தப்பையாவது கண்டுபிடித்துவிடலாம். படமும் பெயரும் சரியாக இருக்கிற சரக்குதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பத்து காஜா பக்கத்தில் இருக்கும் கெல்லிஸ் காசலை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்துக்காரரான ரப்பர் முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கிய மாளிகை. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார், வேலை பாதியில் நின்றது. கட்டியதில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த நம்ம ஆட்கள் இருந்தார்கள். நோய் பரவிப் பலர் செத்தபோது மாரியம்மன் கோவில் கேட்டார்கள், அவரும் கட்டிக் கொடுத்தார். நன்றிக்கு அவர் உருவத்தையும் சாமிகளோடு கோவில் கூரையில் ஏற்றி வைத்தார்கள்.

நான் பார்த்த சட்டைகளிலும் குவளைகளிலும் மாளிகை இருக்கிறது, துரையின் பெயர் இருக்கிறது, பேய்க்கதையும் இருக்கிறது. அந்தக் கோவில் இல்லை. கூலிகள் துரைக்குக் கொடுத்த இடத்தை இந்த நினைவுப்பொருள்கள் கூலிகளுக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் முகம் தெரியாத வியாபாரியை மட்டும் திட்டி என்ன பயன்? எங்கள் வீட்டு ஆல்பத்தைத் திறந்தேன். லயத்தின் முன்னால் தாத்தா. பால்வாளியோடு பாட்டி. பின்பக்கம் திருப்பினால் ஒரு எழுத்து இல்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருசம்? தோட்டம் செம்பனையாகி லயமும் போய்விட்டது. இந்தப் படம் நாளைக்கு யார் கையில் கிடைத்தாலும் அவர் விருப்பப்பட்ட ஊர்ப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். தப்பு என்று சொல்ல ஆளிருக்காது.

அம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சாயங்காலத்தில் பதினோரு படம் முடிந்தது. உங்கள் வீட்டு ஆல்பத்திலும் யாராவது உட்கார வேண்டும், சொல்ல ஆளிருக்கும்போதே.