இரண்டடி உயரத்தின் பிழை

நகரும் கோழிக்கூண்டு பற்றிய எழுத்தில் பெரும்பகுதி கறிக்கோழியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எட்டு வாரத்தில் கறிக்குப் போகும் பறவைக்கு வகுத்த அளவுகோலை, ஆண்டுக்கணக்கில் வம்சம் தர வேண்டிய சேவலுக்கும் தாய்க்கோழிக்கும் அப்படியே பொருத்திவிடுகிறோம். இனப்பெருக்கக் கூண்டை மதிப்பிடும்போது எடையும் விலையும் பின்னால் வர வேண்டியவை. அதிலிருந்து எடுத்த முட்டைக்குத் தந்தை யார் என்று ஐயமின்றிச் சொல்ல முடியுமா என்பதே முதல் கேள்வி. அதில் தோற்ற கூண்டு எத்தனை இலகுவாக உருண்டாலும் தோற்றதுதான்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பாலிஃபேஸ் பண்ணையை நடத்தும் ஜோயல் சாலடின் 1993-இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய கூண்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 10 அடிக்கு 12 அடி, உயரம் 2 அடி, ஏறத்தாழ 75 கறிக்கோழிகள், நாளுக்கு ஒருமுறை இடமாற்றம். இதன் சாதனையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தோடு வெளியேறிய உடனே தொற்றுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் பருவத்துக்கு முதிர்கிறது. அதற்குள் மந்தை அடுத்த புல்லுக்குப் போய்விடுகிறது. தாழ்ந்த உயரம் காற்றுக்குப் பிடிகொடுப்பதில்லை. பின்பக்கம் சிறு சக்கரவண்டியைச் செருகினால் ஒரே ஆள் இழுத்துவிடலாம். வடிவமும் வேலைமுறையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வாரம் ஒருமுறை நகர்த்திவிட்டுச் சாலடின் முறை என்று சொல்பவர்கள் வடிவத்தை வாங்கி, முறையைக் கைவிட்டவர்கள்.

ஆனால் கறிக்கோழிக்குக் குணமான அந்த இரண்டடியே இனக்கோழிக்குக் குற்றமாகிறது. அசீல் வகைப் பெருவிடைச் சேவல் கழுத்தை நிமிர்த்தினால் கூரையில் இடிக்கும். அணையும் சேவல் பெட்டையின் முதுகில் ஏறிச் சமநிலை பெற வேண்டும்; தலைக்கு மேல் இடமில்லையென்றால் அது சறுக்கும், பெட்டையின் முதுகு கிழியும், கருக்கூடாத முட்டைகள் பெருகும். பரப்பும் பொருந்தவில்லை. 120 சதுர அடியை நிரப்பும் பெரிய மந்தைக்கு ஒரு சேவல் போதாது. இரண்டாவது சேவல் உள்ளே வந்ததும் தந்தை யார் என்ற கணக்கு கலைந்துவிடும். இத்தனைக்கும் இன்றைய கறிக்கோழியின் முன்னோரான கார்னிஷ் இனம், இங்கிலாந்தின் கார்ன்வாலில் நம் அசீலின் ரத்தம் கலந்து உருவானது. பேரனுக்குத் தைத்த சட்டையைப் பாட்டனுக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

இங்கிலாந்தில் வழக்கமான முக்கோணக் கூண்டு சிக்கனத்தின் உச்சம். மரம் குறைவு, சட்டகம் ஆடாது, மழைநீர் தங்காது. ஆனால் தரையில் கிடைக்கும் பரப்பு தலைமட்டத்தில் பாதியாகச் சுருங்குகிறது. ஓரங்களில் சேவல் நிமிரவே முடியாது. உச்சியில் உட்காரும் கட்டையைப் பொருத்தினால் இரவெல்லாம் கோழிகள் கூரையடி வெப்பத்தில் அடைந்து கிடக்கும். குளிர்நாட்டில் இது அணைப்பு; வியர்வைச் சுரப்பி இல்லாத, மூச்சிரைத்தே வெப்பத்தைக் கழிக்கும் பறவைக்கு நம் சித்திரையில் இது தண்டனை. கம்பிவலையை வில்லாக வளைத்துத் தார்ப்பாய் போர்த்தும் கூண்டு உயரக்குறையைத் தீர்க்கிறது. ஆடிக் காற்றுக்கு அது பாய்மரமாகிவிடுகிறது என்பதால் அதையும் முழு மனத்தோடு பரிந்துரைக்க முடியவில்லை.

நம் பஞ்சாரத்தை இந்த வரிசையில் வைக்காமல் விடுவது நேர்மையாகாது. ஒரு கையால் தூக்கலாம், நாலாபக்கமும் காற்று, குஞ்சுகளோடு தாய்க்கோழியைப் பகலில் காக்க இதைவிடப் பொருத்தமான கருவியைக் கண்டதில்லை. இரவில் நாயையோ மரநாயையோ அது தடுக்காது. அதற்கென்று செய்யப்பட்டதும் அன்று.

மேற்சொன்ன நான்கும் சேர்ந்து கவனிக்கத் தவறியது முட்டைப்பெட்டி. கரு வளர இன்குபேட்டரின் 37.5 டிகிரி வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் 27 டிகிரியைத் தாண்டினாலே அது மெதுவாக, ஒழுங்கின்றி வளரத் தொடங்கிவிடும். அப்படித் தொடங்கித் தடுமாறிய கரு அடைக்கு வைக்கும் முன்பே வலுவிழக்கிறது. கோடையில் முட்டை கூண்டுக்குள் கிடக்கும் ஒவ்வொரு மணிநேரமும் இழப்பு. ஆகவே பெட்டி நிழல்பக்கம் இருக்க வேண்டும். கூண்டுக்குள் நுழையாமல் வெளியிலிருந்தே திறந்து, பகலில் மூன்று நான்கு முறை எடுக்க வசதி வேண்டும். பெரிய கதவைத் திறக்காமலிருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெட்டையின் உடலில் சேவலின் விந்து இரண்டு முதல் மூன்று வாரம் உயிரோடு தங்கும். திறந்த கதவு வழியே அயல்சேவல் ஒருமுறை புகுந்தால் அத்தனை வார முட்டைகளும் வம்சக் கணக்கில் சேராது. மேடுபள்ளத்தில் நீளமான சட்டகத்தின் அடியில் விழும் இடைவெளியும் அப்படியொரு கதவுதான். குட்டையான சட்டகத்தை நான் வலியுறுத்துவது அதனால்.

என் தீர்ப்பு ஒருபக்கச் சரிவுக் கூரைக் கூண்டுக்கே: 8 அடி நீளம், 4 அடி அகலம், முன்னால் 4 அடி, பின்னால் 3 அடி உயரம்; ஒரு சேவல், நான்கைந்து பெட்டைகள். முன்பக்கம் முழுக்க அரை அங்குல வெல்டு மெஷ். அறுகோணக் கண்ணுள்ள சாதாரண வலை கோழியை உள்ளே வைக்கும்; நாயை வெளியே வைக்காது. பக்கத்துக் கூண்டை நோக்கும் பக்கங்களில் கீழ் இரண்டடிக்குத் தகரம் அடைப்பது கட்டாயம். ஒன்றையொன்று பார்க்கும் அசீல் சேவல்கள் வலையோடு மோதி முகத்தைக் கிழித்துக்கொள்ளும். பெட்டைகளை மறந்து நாளெல்லாம் எல்லையிலேயே நிற்கும்.

எடைதான் இதன் மெய்யான குறை. இந்த அளவுக்கு ஏறத்தாழ 19 மீட்டர் குழாய் வேண்டும். முக்கால் அங்குல ஜிஐ குழாயில் அது மட்டும் 30 கிலோவை எட்டும். கூரை, வலை, முட்டைப்பெட்டி சேர்ந்தால் 60-ஐ நெருங்கும். ஒருமுனையில் சக்கரம் வைத்தால் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. ஒருவர் நாள்தோறும் தூக்கக்கூடியதன் எல்லை அது. பிவிசி குழாய்க்கு மாறி எடையைக் குறைப்பதை ஏற்க மாட்டேன். வெயிலில் அது வளைந்து நொறுங்கும்.

கரிசல் மண்ணில் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு இந்தக் கூண்டும் உதவாது. சக்கரம் புதையும், ஈரத்தில் கோழியின் கால் கெடும், கழிச்சல் கிருமி செழிக்கும். ஐப்பசி, கார்த்திகைக்கு ஒவ்வொரு சேவலின் கூட்டத்தையும் தனித்தனித் தடுப்பு வைத்த கொட்டகைக்கு மாற்றிவிட வேண்டும்.