நாலு லிட்டர் காற்று

ஏர் ஃப்ரையர் பெட்டியின் மேல் கொள்ளளவை எதற்காக லிட்டரில் போடுகிறார்கள்? அதில் யாரும் ரசம் வைக்கப் போவதில்லை. என்னிடம் இருப்பது 4.2 லிட்டர், 1400 வாட். திரை, பொத்தான், வெப்ப அளவெல்லாம் எல்லாரும் தருவதுதான். ரொட்டித்தூள் பூசிய உறைகோழியை, அது நக்கெட்ஸோ பர்கர் பேட்டியோ, ஒன்றின் மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகப் பரப்பினால்தான் மொறுமொறுப்பாகும். இரண்டாவது அடுக்கு வைத்தால் அடியில் இருப்பது அவிந்து நமுத்துவிடும். ஆகக் கூடையின் அடித்தளம்தான் கணக்கு. என் கூடையில் எட்டுத் துண்டு தாராளமாகப் பரவும். மீதி லிட்டரெல்லாம் காற்று.

புதுச்சேரியைச் சேர்ந்த பிள்ளைச்சாவடியில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு உறைகோழியா என்று கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கானாங்கத்தை மீன் விற்கும் விலையைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும். எங்கள் டயட் அட்டையில் ராத்திரிக்குப் 'புரதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் புதுச்சேரிப் பெண்களில் 46 சதவீதம் பேர் அதிக எடை. ஆண்கள் ஒன்றும் ஒல்லியாகிவிடவில்லை. அந்த அட்டை இல்லாத வீடு குறைவு.

ஃபிலிப்ஸ் 2010இல் பெர்லினில் முதல் ஏர் ஃப்ரையரைக் காட்டியதிலிருந்து இந்த வகை மெஷின்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டுத்தான்: எண்ணெய் மிச்சம். பச்சை உருளைக்கிழங்குக்கு அது சரி. நம் கோழி பாக்கெட்டுக்குள் வரும்போதே எண்ணெய் குடித்துத்தான் வருகிறது. பூச்சு உதிராமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே ஒரு முறை பொரித்துவிட்டு உறைய வைக்கிறார்கள். உறையும்போது சுருங்கி, பொரியும்போது உப்பும் கறியின் மேல் மாவு ஒட்டியே நிற்க வழி கண்டவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் பேக்கர். 1960களில் அதைக் காப்புரிமைகூட வாங்காமல் ஊருக்கே கொடுத்துவிட்டார்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 கிராமுக்கு 250 கலோரியை ஒட்டி இருக்கும், புரதம் 12, 14 கிராம். கடையில் வாங்கும் தோல் நீக்கிய நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமுக்கு 120 கலோரிதான், புரதமோ 22 கிராம். மெஷின் மிச்சப்படுத்துவது நாம் வீட்டில் சேர்க்கும் இரண்டாவது எண்ணெயை மட்டும். டீஸ்பூனுக்கு 45 கலோரி. பக்கத்தில் ஒரு பெரிய கரண்டி மயோனைஸ் வைத்தால் 90 கலோரி திரும்பி வந்துவிடும். (பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. டவுனுக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்தைத் தாண்ட வேண்டும். அந்தத் தடை எங்களுக்கு வழியில் மட்டும்தான் இருந்தது.)

அப்படியானால் இந்த மெஷினை ஏன் இன்னும் மேடையை விட்டு இறக்கவில்லை? அந்தக் குட்டிக் கூடைக்காகத்தான். எட்டுத் துண்டு, வீட்டில் இரண்டு பேர், தலைக்கு நாலு. ஒரு துண்டு 20 கிராம் என்று வைத்தால் ஆளுக்கு 200 கலோரி. அட்டைக்குள் அடங்குகிறது. அடுத்த நடை வேண்டுமென்றால் இன்னும் 12 நிமிடம் நிற்க வேண்டும். அதற்குள் வெள்ளரிக்காயும் புடலங்காய்ப் பொரியலும் ஒரு டம்ளர் மோரும் உள்ளே போய்விடும். அநேக ராத்திரிகளில் இரண்டாவது நடையே ஓடுவதில்லை. கடாயாக இருந்தால் பாக்கெட்டைக் கவிழ்த்திருப்போம். இந்தக் குணத்தைக் கம்பெனி விளம்பரத்தில் சொல்லவே இல்லை, ஏனென்றால் அதற்கே தெரியாது.

தெரியாதவை வேறும் உண்டு. 'சிக்கன்' பொத்தானை அழுத்தினால் 200 டிகிரி, 25 நிமிடம். முழுக் காலுக்கு அது சரி, நக்கெட்ஸ் கல்லாகிவிடும். 180இல் 12 நிமிடம், பாதியில் ஒரு புரட்டல் என்று ஒவ்வொரு தடவையும் கையால் அமைக்க வேண்டியிருக்கிறது. கரண்ட் போய் வந்தால் எல்லாம் மறந்து மறுபடி 'சிக்கன்'. எங்கள் வீட்டு மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் இதே கம்பெனிதான், வருஷக்கணக்காக உழைக்கின்றன. அந்த விசுவாசத்தில்தான் இதை வாங்கினேன், எரிச்சலும் அதனால்தான் கூடுதல்.

மெஷின்மேல் பழி போட முடியாத விஷயமும் ஒன்று உண்டு. டவுனிலிருந்து ஈசிஆரில் மே மாத வெயிலில் வண்டியில் வரும் பாக்கெட் பாதி உருகிவிடும். மறுபடி உறைய வைத்தால் பூச்சு கூடையோடு ஒட்டிக்கொண்டு வரும். வெப்பம் தாங்கும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சில பாக்கெட்டுகளில் உள்ளே கறி பச்சை. வேகவைத்தது என்று போட்டிருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும்.

இரண்டு பேர் வீட்டுக்கு வாங்கலாம். ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிட உட்காரும் வீட்டுக்கு வேண்டாம், கடைசி ஆளுக்கு வரும்போது முதல் ஆள் தூங்கப் போயிருப்பார். கடைக்குப் போகும்போது ஒரு அளவு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். இதே கம்பெனியின் 5 லிட்டர் மாடலையும் அளந்து பார்த்தேன். கூடை ஆழம்தான் கூடியிருக்கிறது, அடித்தளம் அதேதான்.