ஏடெழுதினோர்

மரக்காணத்து உப்பளங்களில் வரப்போரமாக வெள்ளைக் குவியல்கள் நிற்கும். வாரிய கைகளில் கணவனுடையது எது, மனைவியுடையது எது என்று குவியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது பல அறிஞர்களின் கருத்து. பாடியவர் நத்தத்தனார், பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன், உரைகாரர் நச்சினார்க்கினியர், 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டவர் உ. வே. சாமிநாதையர். நாலு பேரையும் நமக்குத் தெரியும். நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஓலையிலிருந்து ஓலைக்கு எழுதி வந்தவர்கள் யார்?

‘நம் முன்னோர்களுக்குப் பெயராசை கிடையாது’ என்று பெருமையாகப் பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எத்தனையோ ஏடுகளின் முடிவில், இன்ன வருஷம் இன்ன மாதம் இன்னார் எழுதியது என்ற குறிப்பு இருக்கிறது. ஆசையில்லாதவன் அப்படி எழுதுவானா? ஓலை சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப்போகும். பார்த்து எழுதுகிறவன் நூலைக் காப்பாற்றுவான். கடைசியில் தன் பெயரைப் போடுவான். முந்தியவன் பெயர் பழைய ஓலையோடு போய்விடும்.

ஏறக்குறைய நச்சினார்க்கினியர் காலத்தில், பாரிஸில் ரிஷார் த மோன்பாஸ்தோன் என்பவரும் அவர் மனைவி ழானும் புத்தகங்களுக்குச் சித்திரம் தீட்டிப் பிழைத்தார்கள். கணவர் இறந்த பிறகு, 1353இல், தொழிலைத் தொடர அந்த அம்மாள் பல்கலைக்கழகத்தின் முன் பிரமாணம் செய்தாள். அந்தப் பதிவினால்தான் அவள் பெயர் நின்றது. அவர்கள் தீட்டியதென்று அறிஞர்கள் கருதும் ‘ரோஜாவின் கதை’ப் பிரதி ஒன்றின் ஓரத்தில், ஓர் ஆணும் பெண்ணும் தனித்தனி மேஜைகளில் வேலை செய்கிறார்கள், பின்னால் தாள்கள் காய்கின்றன. பதப்படுத்திய தோலில் தீட்டியதால் அது இன்றும் இருக்கிறது. அவர்கள் நம்மவர்களைவிடப் பெயராசை பிடித்தவர்கள் என்பதல்ல; தோல் நிலைத்தது, பதிவு நிலைத்தது, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் ஓலையைப் பதப்படுத்தியது யார்? எழுத்தாணி கீறிய எழுத்தில் மை தடவியது யார்? பாட்டில் ஒரு சொல் பொருந்தாவிட்டால் மட்டும் ‘ஏடெழுதினோர் பிழை’ என்று அவர்களை நினைத்துக்கொள்கிறோம். பிழை அவர்களுடையது என்றால், மற்ற வரிகள் பிழைத்ததும் அவர்களால்தானே?

சுவடியைப் பதிப்பிக்கிறவர்கள் பாடபேதங்களைச் சிரத்தையாகக் கொடுக்கிறார்கள். அதோடு அந்தக் கடைசிக் குறிப்பையும் ஒரு வரி விடாமல் அச்சிட வேண்டும். மிச்சமிருக்கும் பெயர்களையாவது நாம் தொலைக்காமல் இருக்கலாம்.