விஸ்காம் கணக்கில் விடுபட்டவர்கள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் நடக்கும் வழிகாட்டிக் கூட்டங்களில் இப்போது ஓர் அட்டவணை தவறாமல் திரையில் ஏறுகிறது. ஒரு பக்கம் கல்விக் கடன், மறுபக்கம் படித்து முடித்தவரின் சராசரிச் சம்பளம். எந்தப் படிப்பு தேறும், எது தேறாது என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல், இதழியல் போன்ற ஊடகப் படிப்புகள் அதில் கடைசி வரிசையில் நிற்கின்றன. “ஆசையை ஓரம்வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள்” என்கிறார்கள். நானும் கணக்கைத்தான் பார்க்கிறேன்.

கணக்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 6 லட்சம் கடன் எடுத்தால், 10 சதவீத வட்டியில், படிப்பும் அதற்குப் பிந்தைய ஓராண்டு அவகாசமும் முடியும்போது தனிவட்டியாக மட்டும் 1,80,000 ரூபாய் ஏறியிருக்கும். 15 ஆண்டுத் தவணை போட்டாலும் மாதம் ஏறத்தாழ 8,400 ரூபாய் கட்ட வேண்டும். பெற்றோர் இணைக் கடனாளி என்பதால் தவணை தவறினால் அவர்களுடைய சிபில் மதிப்பெண்ணும் விழும். பிரபலமான ஒரு பழைய மாணவரின் படத்தைப் போட்டு சீட்டு விற்கும் கல்லூரிகளிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த அளவுக்கு அட்டவணை நல்லது செய்திருக்கிறது.

என் சண்டை சம்பளக் கட்டத்தோடு. அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள்? என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் தரும் விவரத்தில் இடைநிலைச் சம்பளம் உண்டு. ஆனால் மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே எண்தான். பி.காம், கணினி அறிவியல், விஸ்காம் எல்லாம் ஒரே குடத்தில் கிடக்கும். அதுவும் வேலையில் அமர்ந்தவர்களின் சம்பளம் மட்டுமே. பேட்டாவுக்கு ஓடும் உதவி இயக்குநரும், முகூர்த்த நாட்களில் மட்டும் கேமரா தூக்கும் பையனும், துண்டு வேலையாக எடிட்டிங் செய்கிறவரும் அந்த எண்ணுக்குள் வருவதில்லை. ஆக, விஸ்காமுக்கென்று தனியாகச் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் ஊகம்.

எண் சரியாகவே இருந்தாலும் என் மறுப்பு தீராது. பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறேன்: இந்தக் கணக்கு குறைந்த சம்பளத்தை மழை வெயில்போல இயற்கையின் செயலாக எடுத்துக்கொள்கிறது. மாணவர் தப்பான படிப்பை எடுத்தார், படிப்புக்கு மதிப்பில்லை என்று இரண்டே பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. சம்பளம் கொடுக்க வேண்டியவர் கணக்கில் எங்கேயும் இல்லை.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, எடிட்டிங்கில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அப்பா தையல்காரர். ஒரு நிறுவனம் அவளை ‘இன்டர்ன்’ என்று எட்டு மாதம் வைத்திருந்தது. பஸ் காசு மட்டும் கொடுத்தார்கள். அவள் வெட்டி ஒட்டிய காணொளிகளுக்கு நடுவே விளம்பரம் ஓடியது. விளம்பரப் பணம் நிறுவனத்துக்குப் போனது. வங்கி கொடுத்த ஓராண்டு அவகாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே கரைந்தது. பிறகு முதல் தவணையை அப்பா கட்டினார். கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கிய கடன், ஒரு நிறுவனத்தின் கூலிச் செலவையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது. அட்டவணை இதைப் படிப்பின் நஷ்டம் என்று எழுதும். எட்டு மாத உழைப்பை இனாமாக வாங்கியவருக்கு அதில் ஒரு வரி கிடையாது.

சம்பளம் படிப்பின் குணமல்ல என்பதற்குப் பத்திரிகைத் துறையே சாட்சி. செய்தித்தாள் ஊழியர்களுக்காக 1955-இல் தனிச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஊதியக் குழுக்கள் விகிதம் வகுத்தன. அவற்றில் ஒன்றான மஜீதியா குழுவின் பரிந்துரையை அரசு 2011-இல் அறிவித்தது, உச்ச நீதிமன்றம் 2014-இல் உறுதிசெய்தது. தொலைக்காட்சிச் செய்தியாளருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கவில்லை. ஒரே வகுப்பில் படித்த இருவர், ஒரே விபத்தைப் பற்றிச் செய்தி சேகரித்தார்கள். ஒருவர் கையில் கேட்டு வாங்க ஒரு விகிதம் இருந்தது, மற்றவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இருவர் பட்டமும் ஒன்றே. விகிதத்திலிருந்து தப்பிக்கச் சில அச்சு நிறுவனங்களும் ஆட்களை ஒப்பந்தத்துக்கு மாற்றின. இவை மனிதர்கள் எடுத்த முடிவுகள். இவற்றை மறைத்துவிட்டுக் கடனையும் சம்பளத்தையும் வகுத்துக் காட்டுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ முதலாளியின் கணக்குப்பிள்ளை வேலையைத்தான் பார்க்கிறார்.

இந்த அட்டவணையை நம்பி விலகப்போவது யார்? கடன் வாங்காமல் படிக்க வைக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள் விலக மாட்டார்கள். தருமபுரியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வருகிற முதல் தலைமுறைப் பட்டதாரிகள் விலகுவார்கள். நாளை செய்தி அறையில் அவர்கள் ஊரைப் பற்றி எழுத அந்த ஊர்க்காரர் இருக்க மாட்டார். இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

கல்லூரிகளும் இதில் உடந்தை. மாணவரை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் துறைத்தலைவர். அந்தக் கடிதத்தில் மாத உதவித்தொகை எவ்வளவு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், தொகை குறிக்காத இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுவருகிறேன். “அப்படிக் கேட்டால் நம் பசங்களை யாரும் எடுக்க மாட்டார்கள் சார்” என்பதுதான் இதுவரை கிடைத்த பதில்.