பாசறை நகரும் படைப்பு மனமும்: அசோகமித்திரனின் செகந்தராபாத்

ஒரு படைப்பாளரின் படைப்புத் தூண்டல் எங்கிருந்து எழுகிறது என்னும் வினாவுக்குத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் 'மண்' என்றே விடை கூறி வந்துள்ளது. கரிசல், கொங்கு, நாஞ்சில், நெல்லை எனப் பிரித்து, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வழக்கு, ஒரு தொழில், ஒரு தெய்வம், அந்நிலத்தை எழுதும் ஒரு படைப்பாளர் என வகுத்துக் காணும் முறை ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது. கி. ராஜநாராயணனுக்கு இம்முறை பொருந்தும். நாஞ்சில் நாடனுக்கும் பொருந்தும். அசோகமித்திரனிடம் வரும்போது அது தடுமாறுகிறது. 'நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் எழுத்தாளர்' என்னும் பொதுப்பெயருள் அவரை அடக்கிவிட்டு அடுத்தவரிடம் சென்றுவிடுவதே வழக்கமாக உள்ளது. 1931இல் செகந்தராபாத்தில் பிறந்து, ஏறத்தாழ 21 அகவை வரை அங்கேயே வளர்ந்து, 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 2017இல் மறைந்த அவருக்கும் ஒரு வட்டாரம் உண்டு. அது தமிழ்நாட்டு எல்லைக்குள் இல்லை என்பதே வகைப்பாட்டாளர்க்கு நேர்ந்த இடர்ப்பாடு. அவ்வட்டாரத்தின் இயல்பு யாது, அது அவர்தம் புனைவின் வடிவத்தை எவ்வாறு அமைத்தது என்பவற்றைப் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) நாவலை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஊராகிவிட்ட பாசறை

தமிழ் அக மரபில் பாசறை என்பது ஊர் அன்று. ஊரைவிட்டு நீங்கிய தலைவன் வினைமுற்றும் வரை தங்கும் இடம். முல்லைப்பாட்டு காட்டும் பாசறையில் யானையும் வாளும் காவலரும் உண்டு. இல்லம் வேறிடத்தில் உள்ளது. திரும்பிச் செல்லுதல் என்னும் எண்ணமே பாசறைக்குப் பொருள் தருவது. செகந்தராபாத் இம்மரபைத் தலைகீழாக்கிய நகரம். 1798ஆம் ஆண்டின் உடன்படிக்கையை அடுத்து நிஜாமின் நாட்டில் நிலைகொண்ட ஆங்கிலேயப் படைக்கென அமைந்து, 1806இல் மூன்றாம் நிஜாமான சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்ற இடம் அது. அங்கே தங்கிய படையில் சென்னை மாகாணப் படைப்பிரிவினர் மிகுந்திருந்தனர். அவர்களைத் தொடர்ந்து கணக்கரும் வணிகரும் ஒப்பந்தக்காரரும் சென்றனர். பின்னர் இரயில்வே வந்தது; நிஜாம் அரசின் இரயில்வேயில் பணியாற்றத் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. அசோகமித்திரனின் தந்தையும் அவ்வாறு இரயில்வேயில் பணிபுரிந்தவரே. வினைமுற்றியும் திரும்பாதவர்களின் ஊர் இது. போவன்பள்ளி, திருமலகிரி, பொல்லாரம் என வடக்கே விரியும் பகுதிகள் பாசறை எல்லையின் உள்ளும் அதனை ஒட்டியுமாக வளர்ந்தவை. வீட்டில் ஒரு மொழி, தெருவில் தக்கனி உருது, சந்தையில் தெலுங்கு, அலுவலகத்தில் ஆங்கிலம் என்பது அங்கு வாழ்ந்தோர்க்கு நாள்தோறும் நேரும் இயல்பு நிகழ்ச்சி.

நாவலின் தலைமைப் பாத்திரமான சந்திரசேகரன் வாழும் 'லான்சர் பாரக்ஸ்' இவ்வியல்பின் சுருக்கம் எனலாம். பெயர் ஈட்டியேந்திய குதிரைப்படையினருடையது. குடியிருப்போர் இரயில்வே ஊழியர். அங்கு எவருக்கும் அது பரம்பரை வீடன்று. பணி உள்ளவரை வீடு. ஒதுக்கீடு செய்த அலுவலகம் மனம் வைத்தவாறு அண்டை வீட்டார். இந்துவும் இசுலாமியரும் ஆங்கிலோ இந்தியரும் அடுத்தடுத்து வாழ்வது அவர்தம் விருப்பத்தினாலோ கொள்கையினாலோ அன்று, ஒதுக்கீட்டுத் தாளினால். இத்தகைய அயல்வாழ்வைச் 'சமய நல்லிணக்கம்' என்று போற்றும் கட்டுரைகள் நாவலைச் சரியாக வாசித்தவை ஆகா. நல்லிணக்கம் என்பதற்கு ஒரு முடிவு வேண்டும், இங்கிருப்பது பழக்கம். பழக்கம் எவ்வளவு வலிமையானது, எந்தக் கணத்தில் முறிவது என்பதே நாவலின் ஆய்பொருள்.

வட்டார எழுத்தாளர் தம் நிலத்தின் வழக்கைக் கருவியாகக் கொள்வர். அசோகமித்திரனின் உரைநடையில் வட்டார வழக்கு ஏறத்தாழ இல்லை. இதனை அவருடைய மனப்பாங்கின் விளைவு என்றும், ஆங்கிலப் புனைகதையில் அவருக்கிருந்த பயிற்சியின் விளைவு என்றும் கூறுவோர் உளர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும், சுற்றிலும் தமிழ் வழங்காத நகரில் வீட்டளவில் மட்டும் பேசப்படும் தமிழ், ஊர்த்தெருவின் சொலவடைகளையும் வசைகளையும் புதிதாகப் பெறும் வாய்ப்பை இழந்துவிடுகிறது என்பது கருதத்தக்கது. எஞ்சுவது, எவர்க்கும் சொந்தமில்லாத, எவரும் புரிந்துகொள்ளக்கூடிய ஓர் எளிய தமிழ். அந்த எளிமை வறுமையாகவும் முடிந்திருக்கலாம். அசோகமித்திரன் அதனைச் செம்மை செய்து வடிவமாக்கினார். ஆகவே அவருடைய நடையில் வட்டாரம் இல்லை என்பதைவிட, அந்நடையே அவருடைய வட்டாரத்தின் அடையாளம் என்று கொள்வது பொருந்தும்.

தலைப்பும் நோக்குநிலையும்

நாவல் ஓர் ஊரின் பெயரையோ மனிதரின் பெயரையோ தாங்கவில்லை. நிலப்படத்தின் கற்பனைக் கோடு ஒன்றன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்கோடு செகந்தராபாத் வழியே செல்வதும் இல்லை. நகரம் ஏறத்தாழ பதினேழரை அட்சத்தில் உள்ளது. போவன்பள்ளியிலிருந்து வடக்கே நாகபுரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கடந்தால், தூப்ரானுக்கும் ராமாயம்பேட்டைக்கும் இடையே எங்கோ வெறும் வயல்வெளியில்தான் பதினெட்டாவது அட்சக்கோடு குறுக்கிடும். 1977இல் நாவலைக் கையில் எடுத்த வாசகர்க்கு அட்சக்கோடு என்றதும் கொரியாவைப் பிரித்த 38ஆவது கோடும், வியட்நாமைப் பிரித்த 17ஆவது கோடும் நினைவில் எழுந்திருக்கக் கூடும். மேலிருந்து வரையப்பட்டு, கீழே வாழ்வோரின் கண்ணுக்குத் தென்படாமல், அவர்தம் உயிரைத் தீர்மானிக்கும் கோடு என்னும் பொருள் அத்தலைப்பில் பொதிந்துள்ளது என்று கருத இடமுண்டு.

கதை நிகழும் காலம் இந்திய விடுதலைக்கும் 1948 செப்டம்பர் இராணுவ நடவடிக்கைக்கும் இடைப்பட்டது. ஐதராபாத் இந்தியாவுடன் இணையாமல் நின்றமை, 1947 நவம்பரில் கையெழுத்தான நிலைநிறுத்த ஒப்பந்தம், காசிம் ரஜ்வியின் தலைமையில் ரஜாக்கர்களின் எழுச்சி, காந்தியடிகளின் கொலை, செப்டம்பர் 13 முதல் ஐந்து நாள்களில் முடிந்த படையெடுப்பு ஆகியன வரலாற்று நூல்களில் காணக்கிடைப்பவை. நாவலில் இவை யாவும் சந்திரசேகரன் என்னும் கல்லூரி மாணவனின் கிரிக்கெட்டுக்கும் மிதிவண்டிக்கும் வீட்டு வேலைக்கும் இடையே, அவன் காதில் விழும் அளவுக்கே இடம்பெறுகின்றன. பெருநிகழ்ச்சி சிறுநிகழ்ச்சியை விழுங்க ஆசிரியர் விடுவதில்லை. மட்டைக்கும் பந்துக்கும் தரும் அதே கவனத்தையே ஊர்வலத்துக்கும் தருகிறார்.

நோக்குநிலையில் அவர் செய்துள்ள ஒன்று ஆய்வாளரின் கவனத்தை மேலும் பெறவேண்டும். நாவல் 'நான்' என்னும் தன்மையிலும் 'சந்திரசேகரன்' என்னும் படர்க்கையிலும் மாறிமாறி நகர்கிறது. இதனை உத்திச் சோதனை என்று கூறிக் கடந்துவிடலாம்; அவ்வாறு கடந்துவிட்டோரும் உண்டு. ஆனால் நகரை நீங்கி 25 ஆண்டுகள் கழித்து, நடந்தவற்றை நினைத்துப் பார்க்கும் ஒருவருக்கு அந்த இளைஞன் சில வேளை தாமாகவும், சில வேளை வேறொருவனாகவும் தோன்றுவது இயல்பே. 'நான்' என்று கூறக் கூசுமிடமும் உண்டு. 'அவன்' என்று தப்பிக்க இயலாத இடமும் உண்டு. நினைவு என்னும் படைப்புத் தூண்டலின் நேர்மையை இந்த மாற்றமே காத்து நிற்கிறது. முழுவதும் தன்மையில் அமைந்திருப்பின் நாவல் தன்வரலாற்று ஏக்கமாகச் சரிந்திருக்கும்.

இறுதிக் காட்சி தமிழ் வாசகர் பலரும் அறிந்தது. இராணுவ நடவடிக்கைக்குப் பின்னெழுந்த கலவரத்தின் நடுவே ஓர் இசுலாமியர் வீட்டுக்குள் சந்திரசேகரன் நுழைந்துவிட நேர்கிறது. அவனைத் தாக்க வந்தவனாகவே கருதும் அவ்வீட்டு இளம்பெண் தன் குடும்பத்தைக் காக்கத் தன்னையே ஒப்புக்கொடுக்க முன்வருகிறாள். அவன் தாளாத வெட்கத்துடன் வெளியே ஓடுகிறான். அதுவரை ரஜாக்கர்களால் அச்சுறுத்தப்பட்ட சிறுபான்மையினருள் ஒருவனாகத் தன்னை எண்ணியிருந்தவன், ஒரு கணத்தில் வென்ற கூட்டத்தின் உறுப்பினனாகிவிடுகிறான். அவன் எதுவும் செய்யவில்லை, கோடு இடம் மாறிவிட்டது. 1948இன் பின் நிகழ்வுகளைப் பற்றிச் சுந்தர்லால் குழுவினர் அளித்த அறிக்கை, இறந்தோர் தொகையை 27,000 முதல் 40,000 வரை எனக் கணித்தது. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமல் இருந்து, 2013 அளவிலேயே பொதுவெளியில் பரவலாகப் பேசப்பட்டது. கொடுமைகள் பெரிதும் நிகழ்ந்தவை உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு முதலிய மாவட்டங்களிலேயாம். 36 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் நாவல் அவ்வுண்மையின் திசையை ஒரே வீட்டின் ஒரே அறையைக் கொண்டு சுட்டியிருந்தது.

அதே மண்ணில் மற்றொரு கலைஞர்

செகந்தராபாத் பாசறைப் பகுதியான திருமலகிரியில் 1934இல் பிறந்தவர் திரைப்பட இயக்குநர் சியாம் பெனகல் (மறைவு 2024). தாய்மொழி கொங்கணி, வளர்ந்த சூழல் அசோகமித்திரனுடையதை ஒத்தது. அவரும் 1950களின் இறுதியில் நகரை நீங்கிப் பம்பாய் சென்று விளம்பரத் துறையில் பணியாற்றினார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் 1966 வரை பணிபுரிந்ததை இதனோடு ஒப்புநோக்கலாம். பெனகலின் முதல் கதைப்படமான 'அங்கூர்' 1974இல் வெளிவந்தது. இரு படைப்புகளுக்கும் இடையே மூன்றே ஆண்டுகள். ஒருவர் படைப்பை மற்றவர் அறிந்தமைக்குச் சான்று தேட வேண்டியதில்லை; ஒற்றுமை வேறிடத்தில் உள்ளது. 'அங்கூர்' படத்தின் இறுதியில் நிலக்கிழாரின் மகன் சூர்யா, தன் அச்சத்தினால் வாய்பேச இயலாத கிஷ்டய்யாவை அடித்து நொறுக்கிவிட்டு, இலட்சுமியின் சாபக்குரல் கேட்டுக் கதவுக்குப் பின் ஒடுங்குகிறான். ஒரு சிறுவன் சன்னலில் கல்லெறிகிறான். இரண்டிலும் ஓர் இளைஞன் வலுவற்ற பெண்ணொருத்தியின் முன் வெட்குகிறான். சூர்யா குற்றம் இழைத்தவன், சந்திரசேகரன் இழைக்காதவன் என்பதே வேறுபாடு. இழைக்காத குற்றத்துக்கு வெட்குதல் கடினமானது. அதனை எழுதுதல் அதனினும் கடினமானது.

பெனகலை இங்குக் கொணர்ந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அசோகமித்திரன் காணாததை அவர் கண்டார். 1946 முதல் 1951 வரை தெலங்கானாச் சிற்றூர்களில் நிலக்கிழார்க்கு எதிராக நடந்த ஆயுதப் போராட்டம் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலில் தொலைதூர இரைச்சல் அளவுக்கே உள்ளது. தெலுங்கில் வட்டிகோட்ட ஆழ்வாருசாமியும் தாசரதி ரங்காச்சார்யாவும் எழுதிய அவ்வுலகம் பாசறை எல்லைக்கு அப்பாற்பட்டது. இதனைக் குறையெனச் சொல்லலாம். நான் குறையென்றே சொல்வேன். அடுத்த தெருவைக் கூர்ந்து நோக்கப் பழகிய கண் அடுத்த சிற்றூரை நோக்கவில்லை. ஆனால் காணாததைக் கண்டதாக அவர் எழுதவில்லை என்பதும் உடன் கூறத்தக்கது.

பிரிவே இங்குப் படைப்புக்கு வித்து என்று முடிவுகட்டிவிடவும் இயலாது. தெலங்கானாவின் ஓவியர் கே. இலட்ச்மா கௌட் பரோடாவில் பயின்றபின் தம் பிறந்த ஊரான நிஜாம்பூருக்குத் திரும்பி வந்தே தம் தனித்த கோட்டோவியங்களைக் கண்டடைந்தார். அவருக்குத் திரும்புவதற்கு ஓர் ஊர் இருந்தது. பாசறைக் குடியிருப்பில் வளர்ந்தவர் திரும்பினால் அவ்வீட்டில் வேறொரு ஊழியர் குடியிருப்பார். எனவே அசோகமித்திரன் எழுத்தில் மட்டுமே திரும்ப முடிந்தது. சாகித்திய அகாதெமி விருது (1996) பெற்ற 'அப்பாவின் சிநேகிதர்' தொகுதியின் தலைப்புக் கதையிலும், பிற்காலக் கட்டுரைகளிலும் அவர் மீண்டும் மீண்டும் அந்நகருக்கே சென்றார். பிற்காலக் கட்டுரைகளுள் சில வெறும் நினைவுக்குறிப்புகளாக மெலிந்துவிட்டன. நாவலில் 'அவன்' என்று விலகி நின்று கண்ட கண் அவற்றில் இல்லை. அவற்றையும் நாவலோடு ஒருசேர வைத்துப் புகழ்வது நாவலுக்கு நன்மை செய்வதாகாது.

தூண்டல் எது என்று கேட்போர்க்கு அவருடைய 'புலிக்கலைஞன்' சிறுகதையை வாசிக்கத் தரலாம். திரைப்பட நிறுவனத்துக்கு வாய்ப்புத் தேடி வரும் காதர், அலுவலக அறையிலேயே புலியாக மாறிப் பாய்கிறான், அறையிலிருப்போர் நடுங்குகின்றனர். அடுத்த நொடியில் அவன் வேலைக்கு மன்றாடும் எளிய மனிதனாகிவிடுகிறான். அந்தக் கலை எங்கிருந்து வந்தது, எப்படிக் கற்றான் என்பவற்றைக் கதைசொல்லி ஆராய்வதில்லை. பின்னர் வாய்ப்பொன்று அமையும்போது அவனுக்கு அனுப்பிய கடிதம் ஆள் இல்லையெனத் திரும்பி வருகிறது. கொடுத்துச் சென்ற முகவரியில் அவன் இல்லை.