பட்டியாலா பெக்கும் தோட்டத்துத் தேயிலையும்

பஞ்சாபி விருந்தின் பெருமை ஊற்றும் கையில் இருக்கிறது. பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்கின் (1891–1938) பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பட்டியாலா பெக் என்னும் விஸ்கி ஊற்றலுக்கு நிலையான அளவே கிடையாது. 120 மில்லி என்பார் சிலர். சுண்டுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட உயரம் என்பார் சிலர். தேயிலைச் சாயத்தோடு மொத்தமாகக் கலந்து வைக்கும் விஸ்கியோ அளவை நம்பியே நிற்பது. அந்தத் தாராளமும் இந்தக் கலவையும் ஒரு பாட்டிலில் ஒத்துப்போகுமா?

சுவையில் ஒத்துப்போகும். வறுத்த சீரகம், கருப்பு உப்பு, வெல்லப்பாகு மூன்றும் விஸ்கிக்குப் பொருத்தமானவை. சிக்கல் தேயிலையில்தான். மலேசியாவின் ரிங்லெட் வட்டாரத்தில், 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டத்தின் தூளைக் கொதிநீரில் வடித்து ஆறவைத்தால் சாயம் கலங்கும். அதன் துவர்ப்பும் விஸ்கியின் மரப்பீப்பாய்த் துவர்ப்பும் சேர்ந்து நாக்கை இழுத்துப் பிடிக்கும். குளிர்நீரில் இரவெல்லாம் ஊறவைத்த சாயத்தில் இரண்டு குறையும் பெரிதும் அடங்கும். லிமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையை மட்டும் குடிக்கும் வேளையில் பிழிய வேண்டும்; முந்தைய நாளே பிழிந்த சாற்றில் மணம் செத்துவிடும்.

இனி அளவு. 42.8 விழுக்காடு விஸ்கி 750 மில்லி, சாயம் 750, வெல்லப்பாகு 150. இதை 15 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 110 மில்லி. அதில் விஸ்கி 50 மில்லிதான். பட்டியாலா கணக்கில் ஆளுக்கு 120 மில்லி விஸ்கி ஊற்றினால் அதே 750 மில்லி ஆறு பேரோடு தீர்ந்துவிடும். தேநீரின் இனிப்பும் மணமும் சாராயத்தின் காட்டத்தை மறைப்பதால், இந்தப் பானத்தில் தாராளம் வெறும் விஸ்கியைவிட ஆபத்தானது.

தோட்டத்தைப் பற்றிப் பேசுபவர் இந்த ஆபத்தை லேசாகக் கடந்துபோகக் கூடாது. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை கூலிப்பணத்தை உறிஞ்சியது. அதை எதிர்த்து 1947இல் கெடாவில் தொண்டர் படை என்ற இயக்கம் மறியல் செய்தது. பின்னர் சம்சு என்ற மலிவான சாராயம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை அழித்தது. 2018இல் மலேசியாவில் மெத்தனால் கலந்த மது 40க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இந்த வரலாற்றின் முன்னால் 'எவ்வளவு ஊற்றினாலும் அன்புதான்' என்ற பேச்சு எடுபடாது. அமிர்தம் பெற்ற சீக்கியருக்கு மதுவே விலக்கு என்பதால், பெரிய பெக்கைப் பஞ்சாபின் மொத்த மரபாகக் காட்டுவதும் தவறு.

என் தீர்ப்பு இதுதான்: கலவை நல்லது, பெக் வேண்டாம். சீரகமும் வெல்லமும் பஞ்சாபிலிருந்து வரட்டும், தேயிலை ரிங்லெட்டிலிருந்து வரட்டும். கலக்குகிறவர்கள் 'ஆளுக்கு 110 மில்லி' என்று பாட்டிலின்மேல் எழுதி ஒட்டுங்கள். அளவுக்கோப்பையையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள்.